காஷ்மீருக்குப் போகும் வழியில் குலசேகரம்

முதல் நாள்: கன்னியாகுமரி – மணக்குடி – முட்டம் – குளச்சல்

கன்னியாகுமரியிலிருந்து காஷ்மீருக்கு மிதிவண்டியில் புறப்படுகிறவர்கள் பெரும்பாலும், விவேகானந்தர் பாறையும் வள்ளுவர் சிலையும் பின்னால் தெரியும்படி ஒரு படம் எடுத்துக்கொண்டு, நேராக 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் ஏறிவிடுகிறார்கள். அந்தச் சாலையில் காவல்கிணறு சுமார் 20 கிலோமீட்டர்தான் என்பதால், காலை 6 மணிக்குக் கிளம்புகிறவருக்கு ஏழரை மணிக்குள் குமரி மாவட்டம் முடிந்து திருநெல்வேலி மாவட்டம் வந்துவிடும். ஸ்ரீநகர் வரை 3,700 கிலோமீட்டருக்கு மேல் மிதிக்க வேண்டியவர்கள் தொடக்கத்தில் காட்டும் அவசரத்தைக் குறை சொல்ல முடியாதுதான். ஆனாலும் நான் இந்த மாவட்டத்துக்காரன். சொந்த ஊரை ஒன்றரை மணி நேரத்தில் கடந்துவிட்டு நாட்டைப் பார்க்கப் போவதில் எனக்கு உடன்பாடில்லை. எனவே வடக்கே போக வேண்டிய நான் இன்று மேற்கே திரும்பினேன். கடலோரமாகத் தேங்காய்ப்பட்டணம் வரை சென்று, அங்கே கடலில் சேரும் குழித்துறை ஆற்றைப் பிடித்துக்கொண்டு பேச்சிப்பாறை அணை வரை ஏறி, பிறகு மலையடிவாரமாகவே ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு வந்து மாவட்டத்தைவிட்டு வெளியேறுவது என்பது திட்டம்.

இதில் ஊர்ப்பாசம் மட்டும் இல்லை. எனக்கு நீண்ட விடுப்பு கோடையில்தான் கிடைக்கும். இப்போது கிளம்பினால் மே மாதக் கடைசியில் நாக்பூர்ப் பக்கம் இருப்பேன். விதர்ப்பாவில் அந்த நாள்களில் 45 டிகிரி சாதாரணம். வெயிலுக்கு உடம்பு பழக ஒன்றிரண்டு வாரம் ஆகும் என்றும், பழகிய உடம்பு சீக்கிரமே வியர்க்கத் தொடங்கி, வியர்வையில் குறைவாக உப்பை இழக்கும் என்றும் சொல்வார்கள். அந்தப் பழக்கத்தை, தடுக்கி விழுந்தால் தெரிந்தவர் வீடு இருக்கும் ஊரில் தொடங்குவது நல்லது. தென்மேற்குப் பருவமழை வழக்கமாக ஜூன் 1 வாக்கில் கேரளத்தில் தொடங்கி, ஜூலை முதல் பாதியில் நாடு முழுவதும் பரவிவிடும். ஆகவே மழைக்கு முன்னால் ஓடிக்கொண்டே வடக்கே போக வேண்டும். வெயிலை மட்டும் தாங்கிக்கொண்டால் போதும்.

நேற்று சித்திரா பௌர்ணமி. மேற்கே சூரியன் இறங்குவதையும் கிழக்கே நிலவு எழுவதையும் ஒரே இடத்தில் நின்று பார்க்க வந்திருந்த கூட்டம் இரவு வெகுநேரம் வரை கலையவில்லை. நான் மாலையில் சின்னமுட்டம் துறைமுகத்துக்குப் போயிருந்தேன். கிழக்குக் கடற்கரைக்கான மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை என்பதால் அங்கே விசைப்படகுகள் எல்லாம் கட்டிக் கிடந்தன. மேற்குக் கடற்கரைக்குத் தடைக்காலம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஒரே மாவட்டத்தில், சின்னமுட்டத்துப் படகு ஓய்வெடுக்கும்போது குளச்சல் படகு கடலுக்குப் போகும். ஒரு மாதம் கழித்துக் குளச்சல் படகும் கரைக்கு வந்துவிடும்.

இன்று காலை நாலே முக்கால் மணிக்கு வண்டியில் ஏறியபோது, முழு நிலவு எனக்கு நேர் முன்னால், மேற்கு வானத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. பக்கத்து ஊரான கோவளம் தாண்டும்வரை விளக்கே தேவைப்படவில்லை. மேற்கு நோக்கிப் போவதில் இன்னொரு வசதியும் உண்டு: காலை வெயில் முதுகில்தான் விழும், கண்ணைக் கூசாது. கோடையில் தனியாக வண்டி ஓட்டுகிறவன் பாதையைத் தூரத்தை வைத்து மட்டும் தேர்ந்தெடுக்கக் கூடாது. எந்த நேரத்தில் நிழல் எந்தப் பக்கம் விழும், தண்ணீர் எங்கே கிடைக்கும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும் என்பது என் கட்சி.

பழையாறு கடலில் கலக்கும் மணக்குடிக் காயலின் மேல் பாலத்தைக் கடக்கும்போது விடிந்துவிட்டது. இங்கிருந்த பழைய பாலத்தை 2004 டிசம்பர் 26 சுனாமி அடித்துக்கொண்டு போனது. கீழமணக்குடிக்கும் மேலமணக்குடிக்கும் நடுவில் அன்று பாலம் இல்லாமல் போனதை நினைவில் வைத்திருப்பவர்கள் இன்னும் இரு கரையிலும் இருக்கிறார்கள். இப்போதைய பாலத்தின் நடுவில் வண்டியை நிறுத்திக் காற்றைச் சோதித்துப் பார்த்தேன். நிலத்திலிருந்து கடலுக்கு வீசும் விடிகாலைக் காற்று ஏறக்குறைய ஓய்ந்திருந்தது. ஒன்பது மணிக்கு மேல் இது திரும்பிக் கடலிலிருந்து வீசும். இந்தச் சாலையில் அது பக்கவாட்டில் அடிக்கும்.

ராஜாக்கமங்கலம் தாண்டி ஒரு பனந்தோப்பு ஓரத்தில், மிதிவண்டியின் இரு பக்கமும் குடம் கட்டி ஒருவர் அக்கானி விற்றுக்கொண்டிருந்தார். மற்ற ஊர்க்காரர்கள் பதநீர் என்பதை நாங்கள் அக்கானி என்போம். பச்சைப் பனையோலையை இரு கையாலும் விரித்து, மடக்கி, நுனியை ஒரு ஈர்க்கால் முடிந்து, கண் மூடித் திறப்பதற்குள் ஒரு பட்டை செய்தார். அதில் அரைக் குடுவை அக்கானியை ஊற்றி, நுங்கு ஒன்றைக் கட்டைவிரலால் தோண்டிப் போட்டுக் கொடுத்தார். சுண்ணாம்பின் காரமும் ஓலையின் பச்சை மணமும் சேர்ந்த அந்த இனிப்புக்கு முன்னால், நான் பையில் வைத்திருந்த உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலங்களைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது. அவர் என் வண்டியைச் சுற்றிவந்து, பின்சக்கரத்தின் இருபுறமும் தொங்கிய பைகளைத் தட்டிப் பார்த்தார்.

"இதுல என்ன விக்கிய தம்பி?"

"ஒண்ணும் விக்கல அண்ணாச்சி. துணியும் சாமானும். காஷ்மீருக்குப் போறேன்."

"காஷ்மீர் அந்தப் பக்கமுல்லா?" என்று வடக்கே கைகாட்டினார். பதில் சொல்ல வழியில்லாமல் இன்னொரு பட்டை வாங்கிக் குடித்தேன்.

முட்டத்தில் கலங்கரை விளக்கத்தின் அடியில் பாறைகளைப் பார்த்தபடி அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன். கடியப்பட்டணம், மணவாளக்குறிச்சி வழியாகப் போகும்போது கரை மணலின் நிறம் மாறுவது தெரியும். இல்மனைட், சிர்க்கான், மோனசைட், கார்னெட் என்று கனிமங்கள் கலந்த கருமணல் இது. பொதுத்துறை நிறுவனமான ஐ.ஆர்.இ.எல். இங்கே ஆலை நடத்துகிறது. மிதிவண்டிக்காரனுக்கு இந்த மணலால் வேறு தொல்லை: எண்ணெய் போட்ட செயினில் ஒட்டிக்கொண்டால் பல்சக்கரத்தை அரம் போல் ராவிவிடும். அதற்காகத்தான் எண்ணெய்க்குப் பதில் மெழுகு பூசிய செயினைப் போட்டிருக்கிறேன்.

மண்டைக்காடு வரும்போது மணி பத்தரை. வெப்பமானி 34 டிகிரிதான் காட்டியது. ஆனால் சட்டை பிழியும்படி நனைந்திருந்தது. கடலோரத்தில் காற்றிலேயே ஈரம் நிறைந்திருப்பதால் வியர்வை ஆவியாவதில்லை. ஆவியாகாத வியர்வை உடம்பைக் குளிர்விப்பதில்லை. குளச்சலில் ஒரு கடையில் மரச்சீனிக் கிழங்கும் சாளைக் கறியும் சாப்பிட்டுவிட்டு, வெயில் தாழும்வரை படுத்துவிட்டேன். 1741இல் மார்த்தாண்ட வர்மாவின் படை டச்சுக்காரர்களை இங்கேதான் தோற்கடித்தது. அந்த வெற்றித்தூணை மாலையில் பார்த்தேன். பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாய் பிறகு திருவிதாங்கூர்ப் படைக்கே தளபதியாகி, புலியூர்க்குறிச்சிக்கு அருகில் உதயகிரிக் கோட்டையில் அடக்கமாகியிருக்கிறார். கோட்டை என் பாதையில் இல்லை.

இரண்டாம் நாள்: குளச்சல் – தேங்காய்ப்பட்டணம் – மார்த்தாண்டம் – மாத்தூர் – குலசேகரம்

இனயம் கடந்து தேங்காய்ப்பட்டணம் வரையான சாலை வீடுகளுக்கு நடுவிலேயே போகிறது. ஒரு ஊர் முடியும் முன் அடுத்த ஊரின் தேவாலயக் கோபுரம் தெரிந்துவிடும். இடையிடையே ஏ.வி.எம். கால்வாயின் மிச்சம் ஆகாயத்தாமரை மூடிக் கிடக்கிறது. அனந்த விக்டோரியா மார்த்தாண்டன் கால்வாய் என்ற இத்தனை பெரிய பெயருடன், திருவனந்தபுரத்துப் பக்கமிருந்து குமரி வரை படகு விடுவதற்காக வெட்டத் தொடங்கினார்கள், நினைத்தபடி முடியவில்லை. முடிந்திருந்தால் அதன் கரை நல்லதொரு மிதிவண்டிப் பாதையாக இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். வண்டி ஓட்டுகிறவனுக்கு எதைப் பார்த்தாலும் பாதையாகத்தான் தெரிகிறது.

தேங்காய்ப்பட்டணத்தில் ஆறு கடலில் சேருமிடத்தில் கடலை விட்டேன். இந்தப் பயணத்தில் இனிமேல் கடல் இல்லை. இங்கே இதைக் குழித்துறை ஆறு என்றும் தாமிரபரணி என்றும் சொல்வார்கள். நெல்லைத் தாமிரபரணி வேறு, இது வேறு. கோதையாறும் பரளியாறும் திருவட்டாறுக்கு அருகே ஒன்றுசேர்ந்து இந்த ஆறாகிறது. இனி இன்றும் நாளையும் இதுதான் எனக்கு வழிகாட்டி.

மார்த்தாண்டத்துக்கு முன்பே பின்சக்கரம் பிரேக் கட்டையில் லேசாக உரசத் தொடங்கியிருந்தது. சுமை ஏற்றிய வண்டியில் முதல் நூறு கிலோமீட்டருக்குள் போக்ஸ் கம்பிகள் இடம் பிடித்துத் தளர்வது இயல்பு. கம்பியை இறுக்கும் சாவி என்னிடம் இருந்தும், பழைய சைக்கிள் கடை ஒன்று கண்ணில் பட்டதால் அங்கே நிறுத்தினேன். அறுபது வயதைத் தாண்டிய மிஸ்திரி, சக்கரத்தைக் கழற்றாமலே வண்டியைத் தலைகீழாக்கி, ஒவ்வொரு கம்பியாக விரலால் சுண்டிக்கொண்டே வந்தார். இறுகிய கம்பி கணீரென்றது. தளர்ந்த கம்பிக்குக் குரலே எழவில்லை. அப்படிச் சத்தம் குறைந்த இடங்களில் எல்லாம் வெற்றிலைக்கான சுண்ணாம்பை ஒரு புள்ளி வைத்தார். பிறகு கோட்டம் எடுக்கத் தொடங்கி, புள்ளி வைத்த கம்பியைக் கால் சுற்று இறுக்கினால் எதிர்ப்பக்கத்துக் கம்பியை அதில் பாதி தளர்த்தி, சக்கரத்தைச் சுழலவிட்டு, ரிம்முக்குப் பக்கத்தில் தன் கட்டைவிரல் நகத்தை வைத்துப் பார்த்தார். கால்மணி நேரத்தில் நகத்துக்கும் ரிம்முக்கும் இடையில் சுற்று முழுவதும் ஒரே இடைவெளி. பெரிய நகரங்களில் இந்த வேலைக்குச் சக்கரத்தைத் தாங்கியில் மாட்டி, அளவுகோல் வைத்துப் பார்ப்பார்கள். முடிவில் இதைவிட நேராக இருந்து நான் பார்த்ததில்லை. கூலியாக அவர் கேட்டதைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். கூடுதலாகக் கொடுத்ததை வாங்கவும் இல்லை. "டெல்லி போயிட்டு ஒருக்க பாத்துக்க தம்பி. அதுவரைக்கும் ஒண்ணும் ஆகாது" என்றார்.

மார்த்தாண்டத்துக்கு வடக்கே சமதரை என்பதே கிடையாது. இருநூறு மீட்டர் தூரத்துக்கு ஏற்றம், உடனே இறக்கம், ஒரு ஓடை, மறுபடி ஏற்றம். நீண்ட மலைப்பாதையில் ஒரே கியரில் மூச்சைச் சீராக்கிக்கொண்டு போகலாம். இங்கே கியரை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்குக் கைம்மாறாக நிழல் கிடைக்கிறது. ரப்பர் இரு பக்கமும் தழைத்து நிற்பதால், பதினோரு மணிக்கும் சாலையில் வெயில் புள்ளி புள்ளியாகத்தான் விழுகிறது. நான்குவழிச் சாலை அமைக்கும்போது ஓரத்து மரங்களை வெட்டிவிட்டு நடுவில் அரளி வைக்கிறார்களே, அந்தச் சாலையில் இந்த நேரத்தில் ஓட்ட முடியாது.

மாத்தூர் தொட்டிப் பாலத்தில் இப்போது தண்ணீர் இல்லை. பரளியாற்றின் பள்ளத்தாக்குக்கு மேல், ஒரு மலையிலிருந்து மறு மலைக்குக் கால்வாயையே 28 தூண்களில் தூக்கிக் கொண்டுபோகும் இந்தப் பாலம் 1966இல் கட்டப்பட்டது. உயரம் 115 அடி. காமராஜர் காலத்துத் திட்டம். அணைகள் பாசனத்துக்கு வழக்கமாக ஜூன் தொடக்கத்தில்தான் திறக்கப்படும். கன்னிப்பூ என்னும் முதல் போக நெல்லுக்கு அந்தத் தண்ணீர்தான். தொட்டி நிறையத் தண்ணீர் ஓடும்போது இந்தப் பாலத்தில் நடந்திருக்கிறேன். காய்ந்திருக்கும்போது பார்ப்பது இன்னும் பயனுள்ளது: தொட்டியின் உட்சுவரில் நீர் ஓடிய மட்டம் வரை பாசி கறுத்துக் கோடாக நிற்பதால், எவ்வளவு தண்ணீர் இந்த உயரத்தில் நடந்து போகிறது என்பது அப்போதுதான் புரிகிறது.

திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் கோவிலை நடை சாத்தும் நேரத்தில் சேர்ந்ததால் வெளியிலிருந்தே கும்பிட்டேன். 418 ஆண்டுகளுக்குப் பிறகு 2022 ஜூலையில் இங்கே கும்பாபிஷேகம் நடந்தபோது வந்த கூட்டத்தை ஊர்க்காரர்கள் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். மாலை ஐந்துக்குள் குலசேகரத்தில் ஒரு விடுதி கிடைத்துவிட்டது.

மூன்றாம் நாள்: குலசேகரம் – பேச்சிப்பாறை – திற்பரப்பு – குலசேகரம்

அக்னி நட்சத்திரம் இன்று தொடக்கம். பைகளை விடுதியிலேயே விட்டுவிட்டு வெறும் வண்டியோடு கிளம்பியதால், கால்களுக்கு விடுமுறை விட்டது போலிருந்தது.

ஐந்தரை மணிக்கு, பேச்சிப்பாறைச் சாலையோரத் தோட்டம் ஒன்றில் தலைவிளக்குகள் அசைவதைக் கண்டு நின்றேன். ரப்பருக்குப் பால் வெட்டு விடிவதற்குள் நடந்தாக வேண்டும். வெயில் ஏறினால் மரத்துக்குள் இருக்கும் அழுத்தம் குறைந்து பால் சீக்கிரமே நின்றுவிடும். ஒரு வயதானவர், பழைய வெட்டின் மேல் உறைந்து நூலாகக் கிடந்த ஒட்டுபாலை உரித்து இடுப்புப் பைக்குள் போட்டார். பிறகு கத்தியை இடமிருந்து வலமாகச் சரிவாக இழுத்தார். சீவி விழுந்த பட்டை ஒரு மில்லிமீட்டருக்கு மேல் இருக்காது. கத்தி பட்டையைத் தாண்டி ஆழமாகப் போனால் மரத்தில் காயம். மறுமுறை அந்த இடத்தில் பட்டை சரியாக வளராது. கத்தி கடந்த மறுகணமே கோடு முழுவதும் வெள்ளை முத்துகள் அரும்பி, ஒன்றுசேர்ந்து, சரிவில் ஓடி, தகரத் தூம்பு வழியாகச் சிரட்டையில் சொட்டத் தொடங்கின. ஒரு மரத்துக்கு அவருக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை.

"எங்கயாக்கும் மக்களே?" என்றார், அடுத்த மரத்துக்குப் போய்க்கொண்டே.

"இப்ப அணைக்கு, பாட்டா. அப்புறம் காஷ்மீருக்கு."

கத்தி நின்றது. "இந்த வெயிலிலயா? ஒனக்கு வேற சோலி இல்லியா?" என்று கேட்டுவிட்டு, என் பதிலுக்குக் காத்திராமல், பால் எடுக்கும் நேரத்தில் திரும்பி வந்தால் தன் வீட்டில் கட்டன் சாயா கிடைக்கும் என்றார். எட்டு மணிக்கு மேல் போனேன். வாளியில் சேர்ந்த பாலை வடிகட்டி, தட்டுகளில் ஊற்றி, தண்ணீரும் ஃபார்மிக் அமிலமும் கலந்து உறையவைத்திருந்தார்கள். நேற்று உறைந்தவற்றை அவருடைய மகள் உருளை இயந்திரத்தில் கொடுத்துத் தகடாக்கிக்கொண்டிருந்தார். மழைக்காலத்தில் பால் வெட்டத் தோதாக மரத்துக்குப் பிளாஸ்டிக் பாவாடை கட்டும் வேலையும் இந்த மாதத்தில்தான் நடக்கிறது. அதற்கு ஆகும் செலவை ரப்பர் விலை தாங்குமா என்ற பேச்சு சாயாவோடு நெடுநேரம் நீண்டது. காஷ்மீர் அதற்குள் மறந்துபோய்விட்டது, எனக்கும்தான்.

பேச்சிப்பாறை அணை 1906இல் கட்டி முடிக்கப்பட்டது. மூலம் திருநாள் ஆட்சியில், மிஞ்சின் என்ற ஆங்கிலேயப் பொறியாளரின் பொறுப்பில். அவருடைய கல்லறை அணைப் பகுதியிலேயே இருக்கிறது. நேற்று மாத்தூரில் தொட்டி கட்டிக் காத்திருந்ததும், நாஞ்சில் நாட்டு வயல்கள் எதிர்பார்த்திருப்பதும் இங்கே தேங்கும் நீரைத்தான். கோடையில் நீர்மட்டம் இறங்கிக் கரை சிவப்பாகத் தெரிந்தது. தேங்காய்ப்பட்டணத்து முகத்துவாரத்திலிருந்து ஆற்றோடு ஏறி வந்தவன் இங்கே நின்று பார்க்கும்போது, இந்த மாவட்டத்தின் நில அமைப்பு வரைபடம் இல்லாமலே விளங்கிவிடுகிறது: மலையில் பெய்வதை அணையில் பிடித்து, சானல்களில் பிரித்து, வயலுக்குப் பாய்ச்சி, மிஞ்சியதை ஐம்பது கிலோமீட்டருக்குள் கடலில் விடுகிறார்கள்.

திற்பரப்பில் அருவி மெலிந்திருந்தது. விடுமுறைக் கூட்டத்தோடு வரிசையில் நின்று குளித்தேன். வெளியே ஒரு போஞ்சி. எலுமிச்சைச் சாற்றில் உப்பும் சர்க்கரையும் போட்டு ஆற்றித் தரும் இந்தக் கண்ணாடித் தம்ளர், நீண்டதூர ஓட்டத்துக்கு நான் காசு கொடுத்து வாங்கிய எந்தப் பொடியையும்விட நன்றாக வேலை செய்கிறது.

நான்காம் நாள்: குலசேகரம் – அழகியபாண்டிபுரம் – தோவாளை – ஆரல்வாய்மொழி – வள்ளியூர்

பொன்மனை, சுருளகோடு வழியாக அழகியபாண்டிபுரம் வரையான சாலைதான் இந்தச் சுற்றில் எனக்கு மிகவும் பிடித்தது. இடப்பக்கம் மலை கூடவே வருகிறது; வலப்பக்கம் ரப்பர் குறைந்து, வாழை வந்து, கடைசியில் வயல் விரிகிறது. அழகியபாண்டிபுரத்துக் கடையில் மட்டிப்பழம் ஒரு சீப்பு வாங்கினேன். விரல் நீளம்தான் இருக்கும், தோல் மெல்லியது, மணம் கூடுதல். இதற்கு இப்போது புவிசார் குறியீடும் உண்டு. ஒரு நாளைக்கு மேல் பையில் தாங்காது என்பதால், வட இந்தியாவுக்கு எடுத்துப்போகும் ஆசையை விட்டுவிட்டு அங்கேயே தின்று தீர்த்தேன்.

பொதுவுடைமைத் தலைவர் ஜீவா பிறந்த பூதப்பாண்டியில் உச்சிவெயிலைக் கழித்துவிட்டு, மூன்றரை மணிக்குக் கிழக்கே திரும்பினேன். மாலைவெயிலும் முதுகில்தான். தோவாளைப் பூச்சந்தையில் காலை வியாபாரம் முடிந்து, தரையெல்லாம் காம்பும் நாரும் கிடந்தன.

ஆரல்வாய்மொழியில் மேற்குத் தொடர்ச்சி மலை விட்டுக்கொடுக்கும் இடைவெளி, திருவிதாங்கூருக்கு எப்போதும் வாசலாக இருந்திருக்கிறது. 1809இல் வேலுத்தம்பி தளவாயின் அரண்களை உடைத்துக்கொண்டு ஆங்கிலேயப் படை நுழைந்தது இந்த வழியில்தான். 1752இல் தேவசகாயம் பிள்ளை சுட்டுக் கொல்லப்பட்ட காற்றாடிமலையும் இங்கேதான். 2022இல் அவர் புனிதராக அறிவிக்கப்பட்ட பிறகு வருகிறவர்கள் பெருகியிருக்கிறார்கள். பருவக்காற்று அரபிக்கடலிலிருந்து வரும்போது, மலை தடுத்ததெல்லாம் இந்த இடைவெளிக்குள் நெருக்கியடித்துப் புகுந்து வேகம் கூடுகிறது. முப்பந்தலில் காற்றாலைகள் காடுபோல் எழுந்ததற்குக் காரணம் அதுதான். மே நடுப்பகுதியிலிருந்து செப்டம்பர் வரை அவற்றுக்கு அறுவடைக் காலம். இன்று பல காற்றாடிகள் அசையாமலும், சில சோம்பலாகச் சுற்றிக்கொண்டும் இருந்தன.

நான் கணக்குப் போட்டு இந்த வாரத்தில் இங்கே வந்ததற்கும் அதுவே காரணம். மேற்குக் காற்று கணவாய்க்குள் என்னைப் பின்னாலிருந்து தள்ளும், அது சுகம். ஆனால் காவல்கிணற்றில் வடக்கே திரும்பிய நொடியில் அதே காற்று இடப்பக்கத்திலிருந்து அடிக்கும். சாலையின் இடது ஓரமாகப் போகும் மிதிவண்டியை அது வலப்பக்கம், லாரிகள் போகும் தடத்துக்குள் தள்ளும். பக்கப்பைகள் தொங்கும் வண்டியில் காற்று பிடிக்கும் பரப்பும் அதிகம். ஜூன் மாதத்தில் இந்தச் சாலையில் வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தவர்களை எனக்குத் தெரியும். இன்று அடித்த காற்றுக்கு உடம்பை இடப்பக்கம் லேசாகச் சாய்த்தாலே போதுமானதாக இருந்தது.

காவல்கிணற்றில் நெடுஞ்சாலையில் ஏறியதும் வேறு உலகம். நிழல் இல்லை; ஈரமும் இல்லை. சட்டை ஏறியவுடன் காய்ந்து, முதுகில் உப்பு வெள்ளைக் கோடாகப் படிந்தது. கடலோரத்தில் வியர்வை கொட்டுவது கண்ணுக்குத் தெரிவதால் தண்ணீர் குடிக்கும் நினைவு தானாக வரும். இந்த வறண்ட வெயிலில் இழப்பது தெரியாது. ஆகவே இனிமேல் தாகத்துக்குக் காத்திராமல், கால்மணிக்கு ஒருமுறை கடிகாரத்தைப் பார்த்துக் குடிக்க வேண்டும். கணவாய்க்கு இப்பாலும் அப்பாலும் வானிலை இவ்வளவு மாறுவதற்குக் காரணம் மலைதான். பருவமழை அந்தப் பக்கம் இறங்கிவிட, இந்தப் பக்கத்துக்குக் காற்று மட்டும் வருகிறது.

பணகுடி தாண்டி, இருட்டும் முன் வள்ளியூரில் தங்கியிருக்கிறேன். செயினைத் துடைத்து மெழுகு பூசியாயிற்று. பின்சக்கரத்தைச் சுழற்றிப் பார்த்தேன், கோட்டம் இல்லை. நாளை நான்கு மணிக்குக் கிளம்பி, நாங்குநேரியில் காலை உணவை முடித்துக்கொண்டு, பத்து மணிக்குள் திருநெல்வேலி சேர்ந்துவிட உத்தேசம். அடுத்த பதிவு அங்கிருந்து.